ஐப்பசி முதல் தை வரை செம்மறிப் பட்டி: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துச் செம்மறிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. சித்திரை உச்சியிலும் கொரங்காட்டு (வேலி போட்டு மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு) வெள்வேல மரத்தடியில் அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும். அதற்குச் சோதனைக்காலம் ஐப்பசியில் தொடங்கித் தை முடிகிற வரைதான். வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை காணும் பூமி இது. அதில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவத்தில் விழும், அதுவும் விட்டுவிட்டுச் சில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். காய்ந்த தரையிலேயே பிறந்து வளர்ந்த ஆட்டின் குளம்பும் நுரையீரலும் குடலும் ஒன்றாக ஈரத்தில் மாட்டுவது அப்போதுதான்.

குளிர்தான் ஆட்டைக் கொல்கிறது என்று நினைத்துப் பட்டியை நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். மார்கழி விடியலில் இங்கே 18 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். முதுகு நனையாத, வயிறு நிறைந்த செம்மறிக்கு அது குளிரே அல்ல. நீலகிரிச் செம்மறி உறைபனி விழும் புல்வெளியிலேயே காலம் தள்ளுகிறது. நம்முடைய எதிரி ஈரம். காலடி ஈரம், புல் நுனி ஈரம், பட்டிக்குள் தேங்கிய மூத்திர ஈரம். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மேச்சேரி ஆட்டுக்கு (மயிலம்பாடி என்றும் சொல்கிறோம்) உடம்பில் குட்டை முடிதான். சட்டென்று நனையும், சட்டென்று காயும். கோயமுத்தூர்க் குறும்பைக்கு முரட்டுக் கம்பளி, நனைந்தால் நாள் முழுக்க அந்த ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். குறும்பை வைத்திருப்பவர்கள் மயிர் கத்தரிப்பதை மழைக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். அடைமழை பிடித்த பிறகு கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

எதற்கும் முன்னால்

மருந்து பாட்டிலைத் தேடுவதற்கு முன் தெர்மாமீட்டரைத் தேடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காலையில் மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். செம்மறிக்கு 102 முதல் 103.5 பாரன்ஹீட் வரை இயல்பு. 104-க்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். 100-க்குக் கீழே இறங்கினால் ஆடு உள்ளுக்குள் குளிர்ந்துபோய்க்கொண்டிருக்கிறது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் இரண்டு மூன்று நோய் நிற்கும்போது, பாதி வழக்கை இந்த ஒரு எண் தீர்த்துவிடும்.

நொண்டுகிறது

ஒன்றே ஒன்று நொண்டுகிறதா, பலதும் நொண்டுகிறதா? முதல் கேள்வி இதுதான்.

ஒன்று மட்டும், ஒரே காலில் நொண்டினால் காலைத் தூக்கிக் குளம்பிடுக்கைப் பாருங்கள். பத்துக்கு ஏழெட்டு முள்ளாகத்தான் இருக்கும். வெள்வேல முள்ளோ சீமைக்கருவேல முள்ளோ ஒடிந்து உள்ளே நிற்கும். பிடுங்கி, டிங்சர் அயோடின் வைத்து, இரண்டு நாள் காய்ந்த தரையில் கட்டினால் சரியாகிவிடும்.

மழை பிடித்து ஒரு வாரம் பத்து நாளில் மூன்று, நாலு என்று எண்ணிக்கை ஏறுகிறது, சில ஆடுகள் முன்னங்கால் முட்டி போட்டு மேய்கின்றன என்றால் குளம்பு அழுகல். ஆட்டை உட்கார வைத்து, குளம்பின் இரண்டு பிளவையும் விரித்து மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் பிறகு ஆய்வுக்கூடத்தை எதிர்பார்க்க மாட்டார். இடுக்குத் தோல் வெளுத்து ஊறிப்போயிருக்கும், குளம்பு ஓட்டின் அடிப்பகுதி கழன்று பிரிய ஆரம்பித்திருக்கும். காய்ச்சல் பெரிதாக இருக்காது.

செய்ய வேண்டியது குளம்புக் குளியல். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ ஜிங்க் சல்பேட் என்ற கணக்கில் கரைத்து, குளம்பு முழுகும் அளவுக்குத் தொட்டியில் ஊற்றி, ஆட்டை அதில் நிறுத்துங்கள். நடக்கவிட்டு வெளியே ஓட்டிவிட்டால் பயனில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும், மருந்து ஊற வேண்டும். அதற்கு முன் சேற்றைக் கழுவிவிடுங்கள். குளியல் முடிந்ததும் சேற்றில் இறக்காமல் காய்ந்த கல் தரையிலோ களத்திலோ ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். மயில்துத்தத்தை (தாமிர உப்பு, காப்பர் சல்பேட்) கரைத்துப் பயன்படுத்துவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் செம்மறிக்குத் தாமிரம் ஆகவே ஆகாது, ஈரலில் சேர்ந்து கொல்லும். தாகத்தோடு வரும் ஆடு அந்தத் தொட்டியில் வாய் வைக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்? ஜிங்க் சல்பேட் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

நொண்டும் ஆடுகளைத் தனியே பிரிப்பது மருந்தைவிடப் பெரிய வேலை. இந்த அழுகலைக் கொண்டுவரும் கிருமி ஆட்டின் குளம்பை விட்டுத் தரையில் விழுந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. கொரங்காட்டைக் கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தது இங்கே கைகொடுக்கும். ஒரு துண்டை இரண்டு வாரத்துக்குமேல் பூட்டி வைத்துவிட்டு, சுத்தமான குளம்புகளை மட்டும் அதில் விடலாம்.

பலதும் நொண்டுகின்றன, கூடவே காய்ச்சல் இருக்கிறது, வாயில் நுரையோ கொப்புளமோ இருக்கிறது, பக்கத்துக் கட்டுத்தறி மாடும் எச்சில் வடிக்கிறது என்றால் அது கோமாரி (கால் வாய் நோய்). நொண்டுகிறது, காய்ச்சல் 105-ஐத் தாண்டுகிறது, குளம்புக்கு மேல் தோல் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு ஓடுகிறது, மாட்டுக்கோ வெள்ளாட்டுக்கோ ஒன்றுமில்லை என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

முகம் வீங்கியிருக்கிறது, தாடை தொங்குகிறது

இந்தப் பருவத்தில் அதிகம் குழப்புவது இதுதான். "ஏனுங்ண்ணா, மூஞ்சி வீங்கிக் கெடக்குது, பாம்பு கீது கடிச்சிருக்குமுங்களா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பாம்புக்கடியாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டுக்கு ஒரே வாரத்தில் மூஞ்சி வீங்கினால் பாம்பை விட்டுவிட்டு இரண்டு விஷயத்தை யோசியுங்கள். ஒன்று நீலநாக்கு, இன்னொன்று குடற்புழு. இரண்டுக்கும் வைத்தியம் எதிர் எதிர்த் திசை என்பதால் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வீக்கம் எங்கே என்று பாருங்கள். உதடு, மூக்கு, கன்னம், காது என்று முகமே உப்பியிருந்து, தொட்டால் சுட்டால் நீலநாக்கு. தாடைக்கு அடியில் மட்டும் பை போலத் தொங்கி, தொட்டால் குளிர்ச்சியாக, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால் புழு. புழு வீக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் மாலையில் பெரிதாகத் தெரியும், ராத்திரி படுத்து எழுந்தால் காலையில் வற்றியிருக்கும். "நேத்து சாயந்தரம் இருந்துச்சு, காத்தால காணோம்" என்று மேய்ப்பவர் சொன்னால் அது ஏறக்குறைய தீர்ப்பு மாதிரிதான். தெர்மாமீட்டர் நீலநாக்கில் 105, 106 காட்டும், புழுவில் இயல்பாகவே இருக்கும்.

*நீலநாக்கு என்றால்:* மூக்கிலிருந்து முதலில் தண்ணீராக ஒழுகும், பிறகு கெட்டியாகி மூக்குத்துளையைச் சுற்றிப் பொருக்கு கட்டும். வாய்க்குள் ஈறும் உதட்டின் உட்புறமும் புண்ணாகும். நாக்கு நீலமாக மாறுவது சில ஆட்டில்தான், பெயரை வைத்துக்கொண்டு நாக்கு நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இது ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மூச்சில் பரவும் நோயல்ல. சேற்றுச் சாணத்திலும் தேங்கிய தண்ணீர் ஓரத்திலும் பெருகும், கொசுவைவிடப் பொடியான ஒரு கடிப்பூச்சி கொண்டுவருவது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அதன் நேரம். அதனால்தான் மழை ஓய்ந்து புழுக்கம் அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வெடிக்கிறது.

வைரஸ் என்பதால் நேரடி மருந்து கிடையாது. புண்ணில் வேறு கிருமியும் ஏறாமல் இருக்கவும் காய்ச்சல் குறையவும் டாக்டர் ஊசி போடுவார். நம் வேலை ஆட்டைத் தின்ன வைப்பது. வாய்ப்புண்ணோடு கொழுக்கட்டைப் புல்லைக் கடிக்க முடியாமல் பட்டினியில் சாகும் ஆடுதான் அதிகம். ராகிக் கஞ்சி, கம்பங்கஞ்சியை ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வாயைக் கழுவி, போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துப் புண்ணில் தடவுங்கள். வெயிலில் நிறுத்தக் கூடாது, நிழல் வேண்டும். மாலையில் வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவது பூச்சியை விரட்டும். பட்டிக்குள்ளேயே போட்டு ஆட்டுக்கு மூச்சு முட்ட வைக்காமல், காற்று வரும் பக்கம் தள்ளிப் போடுங்கள்.

ஐந்து வகை வைரஸுக்குச் சேர்த்த தடுப்பூசி இருக்கிறது. மழைக்கு முன், ஆடி ஆவணியிலேயே போட வேண்டியது. நோய் வந்த பட்டியில் போட்டுக்கொண்டிருப்பது காலம் கடந்த வேலை.

*புழு என்றால்:* கண்ணிமையைப் பாருங்கள். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி மெல்ல உள்ளே அழுத்துங்கள், இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்சவ்வு பிதுங்கித் தெரியும். நல்ல சிவப்பு என்றால் ஆட்டில் ரத்தம் இருக்கிறது. வெளிர் ரோஸ் என்றால் எச்சரிக்கை. வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தால் இன்றே மருந்து. இந்த நிறத்தை 5 படியாகப் பிரித்து அச்சிட்ட அட்டையே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டார்ச் அடித்துப் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

இந்த வேலையைச் செய்வது இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் இழுக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. முப்பது கிலோ ஆடு எத்தனை நாள் தாங்கும்? பெட்டைப் புழு ஒன்று நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு விழுந்த முட்டை, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் நோய் உண்டாக்கும் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். பனி ஈரத்தில்தான் அது மேலே நீந்தி வரும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அந்தப் பனி உலர்வதற்கு முன் பட்டியைத் திறப்பது புழுவை ஊட்டிவிடுவதற்குச் சமம். புல் காய்ந்த பிறகு, ஒன்பது ஒன்பதரைக்குத் திறந்தால் போதும். ஒரு துண்டில் நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். செம்மறி மேய்ந்த துண்டில் அடுத்து காங்கயம் மாட்டை விடுங்கள். மாட்டின் வயிற்றுக்குள் போன இந்தப் புழு பெரும்பாலும் பிழைக்காது.

மருந்து விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எல்லா ஆட்டுக்கும், எல்லாத் தடவையும், அதே அல்பெண்டசோல், கண்மதிப்பில் ஒரு மூடி. புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் பிறகு பாட்டிலைக் கவிழ்த்தாலும் சாகாது. எடை போட்டுக் கொடுங்கள். ஏறக்குறைய ஒரே எடையுள்ள ஆடுகளில் கனத்ததற்கான அளவே மற்றவற்றுக்கும் போகட்டும், அதுவும் இமை வெளுத்தவற்றுக்கு மட்டும் கொடுங்கள். பத்துப் பதினாலு நாள் கழித்துப் புழுக்கையை மருந்தகத்தில் கொடுத்து முட்டை எண்ணிப் பார்த்தால் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது. குளோசன்டல் ரத்தம் குடிக்கும் புழுவுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அளவு மீறினால் ஆட்டுக்குக் கண் பார்வை போய்விடும். அதனால்தான் எடைத் தராசைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் கசிவு, குளத்தோரம், நெல் வயல் வரப்பு என்று நத்தை இருக்கும் இடத்தில் மேய்ந்த ஆட்டுக்குத் தாடை கட்டினால் ஈரல் தட்டைப்புழுவையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு மருந்து வேறு.

கழிச்சல்

பச்சைப் புல் புதிதாகக் கிடைத்த இரண்டு மூன்று நாளில் இளகிப் போவது நோயல்ல. காலையில் ஒரு பிடி சோளத்தட்டோ கடலைக்கொடியோ போட்டு அனுப்பினால் கட்டிவிடும்.

நாற்றத்தோடு தண்ணீராகப் பீய்ச்சி, ஆடு கிடுகிடுவென்று இளைத்தால், குட்டைத் தண்ணீர் குடித்ததா என்று கேளுங்கள். இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் குடல் சுவரைத் துளைக்கும்போது இப்படித்தான் கழியும். குஞ்சுப்பருவம் முட்டையிடாது என்பதால் சாணப் பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று வரும். அந்தச் சீட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல், குட்டையில் குடித்த விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆக்சிகுளோசனைடு போன்ற மருந்தை அவர் கொடுப்பார்.

ஒன்று முதல் மூன்று மாதக் குட்டி ரத்தம் கலந்து முக்கி முக்கிக் கழிந்தால் ரத்தக்கழிச்சல் நோய், ஈரக் கொடாப்பில் (குட்டியைக் கவிழ்த்து அடைக்கும் கூடை) வருவது. புழு மருந்து இதற்கு வேலை செய்யாது. மருந்தோடு சேர்த்துக் கொடாப்பைத் தினம் இடம் மாற்றிப் போடுங்கள்.

கழிச்சலோடு காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் பீளை, வாய்ப்புண், இருமல் எல்லாம் சேர்ந்து வந்து, வெள்ளாடும் செம்மறியும் ஒன்றாக விழுந்தால் ஆட்டுக்கொல்லி. நீலநாக்குக்கும் இதற்கும் வாய்ப்புண் பொது. நீலநாக்கில் வெள்ளாடு பெரும்பாலும் தப்பித்துவிடும், கழிச்சலும் முக்கிய அறிகுறியாக இருக்காது. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஒருமுறை போட்டால் 3 வருசத்துக்குக் குறையாமல் காக்கும், அரசு மருந்தகத்திலேயே போடுகிறார்கள். அநேகமாக இந்நோய் பட்டிக்குள் வருவது சந்தையில் வாங்கிய ஆட்டோடுதான். எந்தச் சந்தையானாலும், வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனிக் கட்டுத்தறியில் வைக்காமல் மந்தையோடு சேர்க்காதீர்கள்.

இருமல், மூச்சிரைப்பு

மாலையில் ஆடு அடைந்த பிறகு பட்டிக்குள் போய் ஆட்டின் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். இரண்டு நிமிடம் மூச்சு இழுங்கள். கண் எரிந்து மூக்கில் மூத்திர நெடி ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. நின்றுகொண்டு பார்த்தால் இது தெரியாது. சுற்றிக் கட்டிய தார்ப்பாயை மேல்பாதி அவிழ்த்துவிடுங்கள். வாடை அடிக்கும் பக்கம் மட்டும், அதுவும் ஆட்டின் முதுகுயரம் வரை படல் மறைப்பு இருந்தால் போதும். கூரைக்கு வெளியே தண்ணீர் வடிய ஒரு சாண் ஆழக் கால்வாய் வெட்டுங்கள். பட்டித் தரையில் கிராவல் மண்ணோ செங்கல் பொடியோ கொட்டி மேடாக்கினால் ஈரம் நிற்காது.

காய்ச்சலோடு இருமினால், வயிறு குழிவிழ மூச்சு வாங்கினால், அது நிமோனியா, ஊசி வேண்டும். நேற்றோ முந்தாநாளோ புழு மருந்து ஊற்றிய ஆடு மட்டும் இருமினால் மருந்து மூச்சுக்குழலில் போயிருக்கிறது. தலையை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதன் பலன் அது. தாடை தரைக்கு நேராக இருந்தால் போதும். கடைவாயில் விட்டு, விழுங்க விழுங்க ஊற்றுங்கள், இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது

கத்தியை எடுக்காதீர்கள். முதலில் சுற்றி வந்து மூக்கு, வாய், ஆசனவாய் மூன்றையும் பாருங்கள். கருத்த, உறையாத ரத்தம் வடிந்திருந்து, வயிறு வேகமாக உப்பியிருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகப்பட வேண்டும். அறுத்தால் அந்தக் கிருமி காற்றுப் பட்டு விதையாகி மண்ணில் வருசக்கணக்கில் கிடக்கும், அறுத்த ஆளையும் தொற்றும். தோலுரிக்கக் கூடாது, "பாதி விலைக்குக் குடுங்க" என்று வருபவருக்குக் கறிக்கும் தரக் கூடாது. மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு முழுசாகப் புதையுங்கள்.

ரத்தம் இல்லை, செத்தது மந்தையிலேயே கொழுத்த குட்டி, மழை பெய்து புல் தளதளவென்று வந்து பத்து நாள் ஆகவில்லை என்றால் துள்ளுமாரி. நன்றாகத் தின்னும் குட்டியைத்தான் இது தேடிப் பிடிக்கும். குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி, செழித்த தீனி கிடைத்ததும் பெருகி விஷம் கக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துள்ளி விழுந்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு செத்துவிடும், வைத்தியத்துக்கு நேரம் தராது. மிச்சத்தைக் காப்பாற்றப் புல்லைக் குறையுங்கள். வயிற்றில் காய்ந்த தீவனம் இறங்கிய பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் மேய்ச்சல். தடுப்பூசி மழைக்கு முன் போட்டிருந்தால் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. சினையாட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும்.

ஒரே நாளில், ஒரே காட்டில், பலதும் கிறங்கி விழுந்தால் சோளப்பயிர். காய்ந்து நின்ற சோளத்தில் மழை விழுந்து தூரில் கிளம்பும் இளந்துளிரில் சயனைடு விஷம் ஏறியிருக்கும். பூப்பதற்கு முந்தைய பயிரிலும் அப்படியே. மேய்ந்து சில நிமிடத்திலிருந்தே மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். உதட்டைப் பிதுக்கிப் பார்த்தால் ஈறு பளிச்சென்று செக்கச் சிவந்திருக்கும். இங்கே நிமிடக் கணக்கு. மற்ற ஆடுகளை உடனே வெளியே ஓட்டிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டதும் முதல் வார்த்தையாக "சோளத்துல மேஞ்சிருச்சுங்க" என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும், எடுத்துவர அவருக்கு அந்தத் தகவல் வேண்டும். அறுத்து நன்றாக வெயிலில் உலர்த்திய தட்டில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

கழுத்திலும் தொடையிலும் பல் தடம் இருந்தால் நோயைத் தேடாதீர்கள். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இந்தச் சில வருசமாக நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுவது எல்லோரும் அறிந்ததுதான். படலின் உயரத்தைக் கூட்டுவதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

ஈன்ற குட்டி எழுந்திருக்கவில்லை

ராத்திரி மழையில் ஈன்ற குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விடுங்கள். கதகதப்பாக இருந்து விரலைச் சப்பினால் பயமில்லை, துடைத்துத் தாயின் காம்பில் வைத்தால் குடித்துவிடும். வாய் குளிர்ந்து, சப்பாமல், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தால் பாலை ஊற்றாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும். பாசத்தில் செய்யும் இந்த வேலையில்தான் பாதிக் குட்டி போகிறது.

முதலில் துடையுங்கள். பழைய வேட்டி, சாக்கு எது கிடைத்தாலும், முடிக்கு எதிராகத் தேய்த்து ஈரத்தை முழுக்க எடுங்கள். பிறகு சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்து வையுங்கள், அல்லது அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு மேலே மூன்றடி தள்ளி பல்பு கட்டுங்கள். ஈன்று ஐந்தாறு மணி நேரம் கடந்து, 99 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிட்ட குட்டிக்கு உடம்பில் எரிக்கச் சர்க்கரை மிச்சமிருக்காது. சூடு காட்டினாலே வலிப்பு வந்து சாகக்கூடும். அதற்கு முதலில் டாக்டர் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும்.

தலை நின்று சப்ப ஆரம்பித்ததும் சீம்பால். முதல் நாளில் குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு 250 மில்லி, ஒரு தடவைக்கு 50 மில்லியாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்த குட்டிக்கும் மறுநாள் குடித்த குட்டிக்கும் உள்ள வித்தியாசம் மாசக்கணக்கில் தெரியும். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள், ஈரத்தரையில் கிருமி ஏறும் வாசல் அது. தாய் சேர்க்காமல் முட்டினால் ஒரு நாள் இரண்டையும் குறுகலான படலுக்குள் அடைத்து வைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

வயிறு உப்புசம்

இடது பக்கம் உப்பினால் என்ன தின்றது என்று பாருங்கள். பச்சைப் பயறுக்கொடியோ தட்டைக்கொடியோ என்றால் 50 மில்லி நல்லெண்ணெயை நிதானமாகக் கொடுத்து நடக்க விடுங்கள். மூட்டையை அவிழ்த்து மக்காச்சோளமோ குச்சிக்கிழங்குத் திப்பியோ (மாவெடுத்த சக்கை) தின்றிருந்தால் இரைப்பை புளிக்கிறது, எண்ணெய் போதாது, டாக்டர் வேண்டும். மழையில் பூஞ்சை பிடித்த திப்பியையும் கடலைப் புண்ணாக்கையும் "ஆடுதானே" என்று கொட்டாதீர்கள், அதில் ஈரலைக் கெடுக்கும் விஷம் இருக்கும்.

நிறைசினை ஆடு தனியே நிற்கிறது, தின்ன மறுக்கிறது

மழையால் நாலைந்து நாள் வெளியே விட முடியாமல் போன பிறகு வரும். வயிற்றுக் குட்டி தன் வளர்ச்சியில் பெரும்பகுதியைக் கடைசி ஆறு வாரத்தில்தான் போடும், இரட்டைக்குட்டி என்றால் தாய்க்குத் தீனி பற்றவே பற்றாது. தன் கொழுப்பைக் கரைத்துக் கரைத்து மயங்கி நிற்கும். அடைமழை நாளில் நிறைசினைக்கு மட்டுமாவது 200, 250 கிராம் கம்போ மக்காச்சோளமோ தவிட்டோடு சேர்த்துப் பட்டியிலேயே வையுங்கள். தின்ன மறுத்துவிட்டால் தாமதிக்காமல் ஊசிக்குப் போக வேண்டும்.

வாலடியில் கொப்புளம், புண்ணில் புழு

முடியில்லாத இடத்தில், வாலடி, தொடையிடுக்கு, மடியில் கொப்புளம் கிளம்பிக் காய்ச்சலும் இருந்தால் ஆட்டம்மை. உடனே ஒதுக்குங்கள், மேய்ப்பவர் ஒருவரே நல்ல ஆட்டையும் நோயாட்டையும் தொட வேண்டாம். புண்ணில் புழு வைத்திருந்தால் டர்பென்டைன் தொட்ட பஞ்சை வைத்து, வெளியே வருவதை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஈ மொய்க்காத களிம்பு பூசுங்கள்.

எதுவும் புரியவில்லை என்றால் 1962-க்கு அடியுங்கள், அது கால்நடை ஆம்புலன்ஸ் சேவை எண். போனை எடுப்பதற்கு முன் நாலு விவரம் கையில் இருக்கட்டும்: காய்ச்சல் எத்தனை, நேற்று எங்கே மேய்ந்தது, எத்தனை ஆட்டுக்கு இப்படி இருக்கிறது, கடைசியாக என்ன மருந்து, எப்போது கொடுத்தீர்கள்.